சனிக்கிழமை ஊக்குகள்

அக்காவின் கைப்பை வாரைப் பார்த்தாலே போதும், அந்த மாதம் அவர் எத்தனை பேரைக் கடித்துக் குதறியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். கறுப்பு ரெக்சின் பை. தோளில் மாட்டும் வாரின் உள்பக்கத்தில் ஊக்குகளை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். மாத ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. பத்து நாளில் இரண்டு ஏறும். இருபது நாளில் நாலைந்து. ஒரு கோடைக்காலத்தில் பதினொன்று வரைக்கும் போனது. என்னக்கா இது என்று கேட்டதற்கு, வெயில் என்றார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் காம்பவுண்டில் ஆறு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரே குழாய். நான் நாலாம் நம்பர், அவர் ஆறாம் நம்பர். தொண்ணூறுகள் முழுக்க அப்படித்தான் இருந்தோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தங்கவயலில் பிறந்து, நர்ஸ் வேலைக்காகப் பெங்களூர் வந்து, பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பொது வார்டைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரே ஆளுக்கு அவர் கொடுத்த பதில் ஒரு ஊக்கில் போய் முடிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தங்கவயலுக்கே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரை மூன்று முறைதான் பார்த்தேன்.

அவர் வாய் கெட்ட வாய் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. பொய் சொல்லி யாரையும் ஏசியதும் இல்லை. உண்மையைச் சொல்வார். அதுதான் பிரச்சினை. எந்த நேரத்தில் சொல்லக்கூடாதோ அந்த நேரத்தில், யார் முன்னால் சொல்லக்கூடாதோ அவர்கள் முன்னால் சொல்லிவிடுவார். சொல்லி முடித்து இரண்டு நிமிஷம் ஆனால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். கை தானாகப் பைக்குள் போய் ஒரு ஊக்கைத் தேடும்.

எங்கள் சர்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவர் நினைவாக ரொட்டியும் திராட்சைரசமும் எடுக்கிற ஆராதனை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் அதைச் சரிசெய்துகொண்டு திருவிருந்துக்கு வாருங்கள் என்று ஐயர் மாதம் தவறாமல் அறிவிப்பார். நாங்களெல்லாம் அதைக் கல்யாண அறிவிப்பு மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அக்கா ஒருத்தர்தான் அதை டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார். வேளை தவறக்கூடாது, பாதியில் நிறுத்தக்கூடாது, கசக்கிறது என்று துப்பக்கூடாது.

முதல் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் குளித்துவிட்டு, கஞ்சி போட்ட வாயில் புடவையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒரு ஊக்கு, ஒரு வீடு. வாசலில் நின்று, இன்ன தேதியில் உங்களை இப்படிச் சொன்னேன், தப்பு, மன்னித்துவிடுங்கள் என்பார். எதிராளி 'சரி, விடுங்க' என்று வாயால் சொன்ன பிறகுதான் ஊக்கைக் கழற்றிப் பைக்குள் போடுவார். தலையாட்டினால் செல்லாது. சிரித்து மழுப்பினாலும் செல்லாது. கோர்ட்டு கெட்டது போங்கள்.

ஒரு தடவை கூட வரச்சொல்லி என்னை பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு கண்டக்டருக்கு ஊக்கு குத்தியிருந்தார். வயதான அம்மா ஒருத்தர் படியில் ஒரு கால் வைத்திருக்கும்போதே அவன் விசில் ஊதிவிட்டான். உன் அம்மா விழுந்தாலும் இப்படித்தான் ஊதுவாயா என்று இவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"அவன் பண்ணினது தப்புதானேக்கா? அதுக்குப் போய் நீங்க மன்னிப்பு கேக்கணுமா?" என்றேன்.

"அவன் தப்பு அவனோட. அவன் அம்மாவை நடுவுல எதுக்கு இழுத்தேன்? அந்தம்மா என்ன பண்ணினாங்க?"

மூன்று பஸ்களை விட்டோம். நாலாவதில் அவன் இருந்தான். அக்கா படியருகே போய், "தப்பாயித்தப்பா, க்ஷமிசு" என்றார். அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். ஏதோ புகார் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்துவிட்டான் போல. "சரி சரி, ஹத்தி அம்மா" என்று வழிவிட்டு ஒதுங்கினான். ஏறச் சொல்கிறான். சரி என்று வாயால் சொல்லிவிட்டான் அல்லவா, அக்கா அங்கேயே ஊக்கைக் கழற்றினார். நாங்கள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

இரண்டாம் நம்பரில் ரிடையரான ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். பெண்சாதி இல்லை, பிள்ளைகள் கப்பல் ஏறிவிட்டார்கள். மாதக் கடைசி வாரம் வந்தால் போதும், குழாயடியில் அக்காவின் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பார். அக்கா நாலு வார்த்தை விடுவார். முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு மனுஷர் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, இரண்டு நாற்காலியும் ஒரு தட்டு பிளம் கேக்குமாகக் காத்திருப்பார். காம்பவுண்டுக்கே தெரிந்த ரகசியம் இது. அக்காவிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? அவர் வேணும்னு பண்றார்தான். அதுக்காக நான் ஏசினது ஏசாததா ஆயிடுமா?" என்றார். அங்கே மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவார்.

வெள்ளிக்கிழமை பகல் உபவாசம், தண்ணீர் மட்டும். ஊக்குகளில் பாதி வெள்ளிக்கிழமைச் சரக்கு. வார்டு டாக்டர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "சிஸ்டர், உபவாசம் இருக்கறது நீங்க, வாங்கிக் கட்டிக்கறது நாங்களா?" என்று கேட்டாராம். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒத்துக்கொள்ளாத உபவாசத்தை விட்டுத் தொலைத்தால் என்ன?

"வயிறு நெறஞ்சிருந்தா நான் நல்லவளா நடிச்சிடறேன் ஜெயா. காலியா இருந்தாத்தான் உள்ள என்ன கெடக்குதுன்னு தெரியுது" என்றார்.

காலை ஜெபம் நாலரை மணிக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அதுதான். முழங்காலில் இருப்பார், ஒரு காது குழாயடியில் இருக்கும். காற்று சீறும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி, எல்லார் வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பி, தன் குடங்களையும் நிரப்பிவிட்டுத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஜெபத்தில் பாதியில் எழுந்து போகலாமா என்று யாரோ கேட்டதற்கு, பெங்களூரில் தண்ணீர் எப்போது வரும் என்று ஆண்டவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். அக்கா நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டவரும் மாற்றச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் முறை வரும்வரைக்கும்.

சபையில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் இருந்தது. திருவிருந்துக்கு வேண்டிய திராட்சைரசம் காய்ச்சுவது நான். சனிக்கிழமை காலை மார்க்கெட்டிலிருந்து விதையுள்ள கறுப்புத் திராட்சை வாங்கி வந்து, காம்பு நீக்கி, நாலு தண்ணீரில் அலசி, தோல் வெடிக்கும்வரை வேகவிட்டு, மல் துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து ஆறவைக்க வேண்டும். ஞாயிறு காலை சீக்கிரமே போய் ரொட்டியின் ஓரம் வெட்டித் துண்டு போட்டு, சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ரசத்தை ஊற்றித் தட்டுகளில் அடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாத்திரத்தில் வேறு கை பட்டதில்லை. பட விட்டதில்லை என்பதுதான் சரி.

அப்பா எங்களோடுதான் இருந்தார். ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் சர்ச்சிலிருந்து வந்ததும் எனக்கு மார்க்கு போடுவார். "பத்துக்கு ஆறு. ஆண்டவரே முகம் சுளிச்சிருப்பார், அவ்வளவு புளிப்பு" என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அவரோடு வாயாடுவது எனக்குச் சாப்பாடு மாதிரி.

அந்த முதல் சனிக்கிழமை அப்பா அக்காவின் வார்டில் சேர்ந்து ஒன்பதாவது நாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். பதினொரு மணிக்கு நான் கிளம்பினேன். அக்கா வார்டு வாசலில் என்னை நிறுத்தினார்.

"இந்த ஒரு மாசம் வேற யாரையாவது காய்ச்சச் சொல்லேன்."

"சீக்கிரம் வந்துடறேன்க்கா" என்றேன்.

இரண்டரை மணிக்கு என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து, அக்கா உடனே வரச் சொல்கிறார் என்றார். பாத்திரத்தை அப்போதுதான் இறக்கியிருந்தேன். நீங்க போங்க, வடிகட்டிட்டு இதோ வர்றேன் என்று அனுப்பிவிட்டேன். அப்பா முந்தின வாரமும் இப்படி இரண்டு தடவை பயமுறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தவர். ஒரே ஒருவரைத் தவிர இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் போய்ச் சேரும்போது மணி நாலு. அப்பா மூன்றேகாலுக்கே போய்விட்டார். என் வீட்டுக்காரர், என் நாத்தனார், சபைப் பெண்கள் நாலு பேர், எல்லாரும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். அக்கா டியூட்டி முடிந்தும் கிளம்பாமல் ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பத்து விரலும் ஊதா நிறம்.

"திராட்சை வேகறவரைக்கும் உங்கப்பா காத்துக்கிட்டு இருப்பாரா?" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலை சபை நான் காய்ச்சியதைக் குடித்தது. சாயங்காலம் அப்பாவை அடக்கம் செய்தோம். அக்கா கூட்டத்தோடு கல்லறைவரைக்கும் வந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு வாக்கியம் என் மண்டைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் மறந்திருப்பேன். நிஜம் என்பதால்தான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. அடுப்பில் திராட்சை. யார் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"ஜெயா, நான்தான்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். "சரி. அடுத்த மாசம் வரேன்."

மறுநாள் திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனோம். அக்கா எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் முழங்கால் போட்டு, வாங்கிச் சாப்பிட்டு, குடித்து, திரும்பி வந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு மனசு குளிர்ந்தது. அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இப்படியே பத்து மாதம். பத்து சனிக்கிழமை அவர் வந்து தட்டினார், பத்து சனிக்கிழமையும் நான் திறக்கவில்லை. குழாயடியில் பார்த்தால் அவர் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விடுவார், பேச்சுக் கொடுக்கமாட்டார். அவருக்கு மற்ற ஊக்குகளும் வந்தன, போயின. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அவர் பை வாரில் ஒன்று மட்டும் தங்கியிருந்தது. அதன் தலை மழையில் துருப்பிடித்துப் பழுப்பாகிவிட்டது. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது என் கண்ணில் பட்டது. பார்க்காத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, "பாவம் அந்தம்மா" என்றார். யார் பாவம் என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

சபை சும்மா இருக்குமா? பெண்கள் ஐக்கியத்துக்கு அக்காதான் செயலாளர். செயலாளரே மாசக்கணக்கில் திருவிருந்து எடுப்பதில்லை என்றால் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு வார்டில் நின்ற நாலு பேருக்கும் அந்தப் பேச்சு அந்தச் சாவோடு மறந்துபோயிருந்தது. வேறு ஏதோ சபைக்குப் போய்ச் சேரப் போகிறார் என்று முதலில் கிளம்பியது. பிறகு ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றார்கள். கடைசியில் அந்த வார்டு டாக்டரையும் அவரையும் சேர்த்து வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். என்னோடு ரொட்டி வெட்டும் ஆறு பெண்கள், என் காதுபடப் பேசினார்கள். அவர் எழுந்து போகாததற்குக் காரணம் இதோ ரொட்டி வெட்டிக்கொண்டு நிற்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் மூடியிருக்கும். "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவைத்தேன். அந்த 'அப்படியா'வுக்கு எவ்வளவு அர்த்தம் ஏற்ற முடியும் என்று பெண்களுக்குத் தெரியும்.

பத்தாவது மாதக் கடைசியில் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். டம்ளரை உருட்டிக்கொண்டே பேசினார்.

"அவங்களையே கேட்டுட்டேன் ஜெயா. ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சரியாகலை ஐயா, சரியானதும் வருவேன்ங்கறாங்க. அந்த ஒருத்தர் யாருன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க. வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கமிட்டி இருக்கு. காரணம் சொல்லலைன்னா செயலாளர் பொறுப்பிலேர்ந்து எடுத்துடணும்னு சிலர் ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. கண்டபடி பேச்சு வேற. நீ பக்கத்து வீடு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

பெண்கள் ஐக்கியம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சிவாஜிநகர், ஒக்கலிபுரம் என்று படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெண்களை ஐக்கியத்தின் பெயரில் வாரம் தவறாமல் போய்ப் பார்த்து, குளிப்பாட்டி, தலைவாரிவிட்டு வருவார். இப்படி ஒரு பேச்சோடு பதவியைப் பிடுங்கினால் எந்த வீட்டில் அவரைச் சேர்ப்பார்கள்?

"தெரியாது ஐயா" என்றேன்.

ஐயர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை திராட்சையை அலசிக்கொண்டிருந்தேன். மூன்றரை இருக்கும். தட்டும் சத்தம்.

"ஜெயா, நான்தான்."

கை ஈரத்தைப் புடவையில் துடைத்தேன். எனக்கு மனசு இளகிவிட்டது, அன்பு பொங்கிவிட்டது என்றெல்லாம் கதைவிட மாட்டேன். பயம். நாளைக்குச் சர்ச் பின்னறையில் கமிட்டிக்காரர்கள் அவர் மானத்தை வைத்து அலசுவார்கள், அந்த நேரத்தில் நான் குவளை கழுவிக்கொண்டிருப்பேன் என்ற பயம். போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். பத்து மாதத்தில் இளைத்திருந்தார்.

"அன்னைக்கு வார்டுல, அத்தனை பேர் முன்னாடி, உன்னை அப்படிச் சொன்னேன். தப்பு. மன்னிச்சிடு" என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி வந்தது. பத்து மாதமாக வைத்திருந்தது அல்லவா?

"நீங்க சொன்னது நிஜம்தானேக்கா" என்றேன். "நீங்க ஆள் அனுப்பினப்ப நான் வடிகட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

"தெரியும். உன் வீட்டுக்காரர் சொன்னார்." வேறு யாராக இருந்தாலும், 'இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லை' என்று ஒரு பொய் சொல்லித் தேற்றியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. "நிஜம்தான். ஆனா அப்பாவைப் பறிகொடுத்துட்டு நிக்கறவளுக்கு அதைச் சொல்ல நான் யாரு? உனக்கே அது தெரியும். நான் சொல்லாம இருந்திருந்தா நீயே அழுது கரைச்சிருப்ப. நான் சொன்னதால உன்னால அழக்கூட முடியலை, கோபப்படத்தான் முடிஞ்சுது. அதைத்தான் நான் உன்கிட்டேர்ந்து எடுத்துட்டேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா செத்து அத்தனை மாதம் கழித்து அப்போதுதான் அழுகிறேன். அவர் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது, காத்திருக்கிறார். வாயால் சொல்ல வேண்டும்.

"சரிக்கா. விடுங்க" என்றேன்.

துருப்பிடித்த ஊக்கு லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகுதான் வீட்டுக்குள் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, "உங்கப்பா ஒண்ணு சொல்லச் சொன்னார்" என்றார்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மூணு மணி இருக்கும். ஜெயா எங்கன்னு கேட்டார். திராட்சைரசம் காய்ச்சப் போயிருக்கான்னேன். சிரிச்சார். 'சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்லுங்க சிஸ்டர், போன மாசம் ஆறு மார்க்குதான்'னார். அப்புறம் பேசலை. நீ வரலைன்னு அவருக்கு ஒரு குறையும் இல்லை ஜெயா. குறை எனக்குத்தான் இருந்தது."

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அடுத்த நொடியே கோபம் வந்தது பாருங்கள், அப்படியொரு கோபம். "பத்து மாசமா இதை வச்சுக்கிட்டு இருந்தீங்களா? ஒரு சீட்டுல எழுதிக் கதவுக்கடியில தள்ளியிருக்கக் கூடாதா?"

"தள்ளியிருந்தா அன்னைக்கே கதவைத் தொறந்திருப்ப. உங்கப்பா வார்த்தையைக் கொடுத்து உன் மன்னிப்பை வாங்கினதா ஆயிருக்கும். அது வேற, இது வேற."

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பத்து மாதத்தை நினைத்தால் இப்போதும் ஒரு ஓரத்தில் சுருக்கென்கிறது. ஆனால் எதையும் சுலபமாக முடித்துக்கொள்ளத் தெரியாத மனுஷி அவர். தனக்கும் சரி, மற்றவர்களுக்கும் சரி. அதற்குப் பத்து மாதம் அவர் என்ன விலை கொடுத்தார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

அன்றைக்குக் காய்ச்சி வடிகட்டியதில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். வாயில் விட்டு யோசித்தார்.

"சர்க்கரை பத்தாது" என்றார்.

அந்த வாயை என்ன செய்வது? இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

ஞாயிறு காலை ஐயர் அழைத்ததும் வரிசைகள் எழுந்தன. அக்கா எழுந்தார். சர்ச் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்காமல் நடந்து போய் முழங்கால் போட்டார். என் வரிசை வந்தது. என் நாத்தனார் இடித்தாள். நான் எழவில்லை. ஐயரிடம் சொன்ன 'தெரியாது' நெஞ்சில் நின்றது. ஆறு பெண்களிடம் சொன்ன 'அப்படியா' நின்றது. அவர் எழாமல் உட்கார்ந்திருந்த பத்து மாதமும் நான் தவறாமல் போய் வாங்கிக் குடித்தேனே, அதெல்லாம் சேர்ந்து காலைக் கட்டிப்போட்டது. காய்ச்சியவள் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் குடித்தார்கள்.

திரும்பி வரும்போது அக்கா என்னைப் பார்த்தார். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பையைத் திறந்தார்.

"எத்தனை?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். "ஐயரோட சேர்த்து ஏழு."

ஏழு ஊக்குகளை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒன்று துருப்பிடித்தது. "அடுத்த திருவிருந்துக்கு ஒரு மாசம் இருக்கு. அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து, தன்னைப் பற்றிக் கூட்டம் நடக்கப்போகிறது என்ற நினைப்பே இல்லாதவர் மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

அவருக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது. என் கைப்பை வாரில் ஏழையும் குத்திக்கொண்டு சர்ச்சின் பின்பக்கம் போனேன். பின்னறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே அக்காவின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது, யாரோ சிரித்தார்கள். மூடிய கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டினேன்.

"யாரு?"

"ஜெயா. நான்தான்" என்றேன்.